லாகின் ஆகுது, லிஸ்ட் வரலை: எஃப்டிபி பாசிவ் மோட் கேள்வி பதில்

எஃப்டிபி (நெட் வழியாக சர்வருக்கு ஃபைல் அனுப்பவும் எடுக்கவும் பயன்படும் முறை) பற்றி "கேளுங்க" என்று போன வாரம் சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எங்க அச்சகத்து சர்வர் கிளவுடில் இருக்கு. ஃபைல்ஸில்லாவில் (எஃப்டிபிக்கான சாஃப்ட்வேர்) எல்லாம் சரியா வருது. ஆனா பில்லிங் சாஃப்ட்வேருக்குள்ள இருக்கற எஃப்டிபியில் லாகின் ஆனதும் தொங்கி, அறுந்துடுது. லாக்கில் கடைசி வரி: 227 என்டரிங் பாசிவ் மோட் (172,31,20,9,195,149).

அந்த வரியை அனுப்பினீங்களே, பாதி வேலை முடிஞ்சுது. எஃப்டிபியில் ரெண்டு இணைப்பு. போர்ட் (சர்வரில் எண் போட்ட வாசல்) 21இல் வெறும் பேச்சு, அதாவது கட்டளையும் பதிலும். ஃபைலோ லிஸ்டோ வரணும்னா தனியா இன்னொண்ணு. பாசிவ் மோடில் "அதுக்கு இங்க வா"ன்னு சர்வர் கொடுக்கற விலாசம்தான் இந்த 227. முதல் நாலு எண் ஐபி. கடைசி ரெண்டு போர்ட்: 195 பெருக்கல் 256, கூட்டல் 149, ஆக 50069.

ஐபியைப் பாருங்க, 172.31.20.9. அது கிளவுடுக்குள்ள மட்டும் செல்லுபடியாகற பிரைவேட் ஐபி. ஃபைல்ஸில்லா கெட்டிக்காரப் பிள்ளை, "இந்த விலாசம் சரியில்லை"ன்னு தானே திருத்திக்கிட்டு, லாகின் ஆன ஐபிக்கே போயிடும். உங்க பில்லிங் சாஃப்ட்வேர் சொன்னதை அப்படியே நம்பி, இல்லாத வாசலில் நிக்குது. சர்வரில் ஓடற எஃப்டிபி சாஃப்ட்வேர் விஎஸ்எஃப்டிபிடின்னா கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்) பாஸ்வ் அட்ரஸ், ப்ரோஎஃப்டிபிடின்னா மாஸ்கரேட் அட்ரஸ். அதில் பப்ளிக் ஐபியைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அந்த பப்ளிக் ஐபி நிலையானதான்னும் பார்த்துக்கோங்க. ஒரு தடவை என் சர்வரை நிறுத்திக் கிளப்பினதில் ஐபி மாறிடுச்சு, கான்ஃபிக்கில் பழசு. 227 வரியில் பார்க்க லட்சணமான பப்ளிக் ஐபி இருந்ததால ரெண்டு மணி நேரம் ஃபயர்வாலையே நோண்டிக்கிட்டிருந்தேன்.

மேடம், பப்ளிக் ஐபி சரியா இருக்கு. ஆனா ஒரு நேரம் லிஸ்ட் வருது, ஒரு நேரம் 425 (டேட்டா இணைப்பு திறக்கலைங்கற பிழை) வருது. ஃபயர்வாலை நிறுத்தினா பிரச்சினையே இல்லை. அப்படியே விட்டுடலாமா?

விடாதீங்க. "ஒரு நேரம் வருது"ங்கறதுதான் துப்பு. உதாரணமா, பாசிவ் போர்ட் வரம்பு சர்வர் கான்ஃபிக்கில் 50000 முதல் 50100 வரைன்னு இருக்கும், ஃபயர்வாலில் 50050 வரைதான் திறந்திருப்பீங்க. மேல்பாதியில் எண் விழும்போதெல்லாம் அடி. ரெண்டு இடத்திலும் ஒரே வரம்பு இருக்கணும். சர்வருக்குள்ள இருக்கற ஃபயர்வால், வெளியே கிளவுட்காரர் வச்சிருக்கற செக்யூரிட்டி குரூப், ரெண்டிலும். வரம்பை ரொம்பச் சுருக்கவும் வேண்டாம். ஒரே சமயத்தில் நடக்கற ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் ஒரு போர்ட் வேணும்.

டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டற குறியாக்கம்) போட்டதிலிருந்துதான் தொல்லை, அக்கா. அதுக்கு முன்னாடி போர்ட் எதுவும் திறக்காமலே ஓடிச்சு.

அதுவரை உங்க ஃபயர்வால் போர்ட் 21 பேச்சை ஒட்டுக்கேட்டு, 227இல் வர்ற எண்ணை எடுத்து அந்த போர்ட்டை மட்டும் திறந்து விட்டுக்கிட்டிருந்தது. டிஎல்எஸ் வந்ததும் பேச்சு பூட்டிப்போச்சு, அதுக்கு ஒண்ணும் கேக்காது. வேற வழியில்லை, மேலே சொன்ன மாதிரி வரம்பு வச்சுத் திறங்க.

அப்புறமும் 522ன்னு பிழை வந்தா அது வேற கதை. டேட்டா இணைப்பும் முதல் இணைப்போட டிஎல்எஸ் செஷனையே மறுபடி பயன்படுத்தணும்னு விஎஸ்எஃப்டிபிடி அடம்பிடிக்கும். வந்தவர் அதே ஆள்தானான்னு பார்க்கற நல்ல சோதனை அது. முதலில் கிளையன்ட்டை (உங்க பக்கத்து எஃப்டிபி சாஃப்ட்வேரை) புதுப்பிச்சுப் பாருங்க. முடியவே முடியாதுன்னா மட்டும் ரிக்வயர் எஸ்எஸ்எல் ரீயூஸ் என்பதை நோ ஆக்குங்க.

2 ஜிபி வீடியோ ஏத்தறேன். 100 சதவீதம் வந்ததும் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குது. சின்ன ஃபைல் எல்லாம் போயிடுது. ஸ்பீடு 20 எம்பிபிஎஸ்.

உங்க ஃபைல் அனேகமா ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கும், சர்வரில் சைஸை ஒப்பிட்டுப் பாருங்க. அந்த வேகத்தில் 2 ஜிபிக்குக் கிட்டத்தட்ட 13 நிமிஷம். அத்தனை நேரமும் போர்ட் 21இல் ஒரு வார்த்தை பேச்சில்லை. நடுவில் பிரைவேட் ஐபியைப் பப்ளிக் ஐபியா மாத்தற நாட் பெட்டி "இது செத்துப்போச்சு"ன்னு முடிவு பண்ணி மறந்துடும். அமேசானோட நாட் கேட்வே 350 விநாடிதான் பொறுக்கும். ஃபைல் முடிஞ்சதும் சர்வர் சொல்ற "226, வந்து சேர்ந்தது" உங்ககிட்ட வர்றதே இல்லை, அதான் கிளையன்ட் மறுபடி ஆரம்பிக்குது. லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் (சும்மா இருக்கற இணைப்பை "உயிரோட இருக்கியா"ன்னு தட்டிப் பார்க்கறது) 7200 விநாடின்னு இருக்கும். அதை 120 ஆக்குங்க.

ஆக்டிவ் மோடுக்கு மாறிட்டா?

அப்போ சர்வர் உங்களைத் தேடி வரணும். மொபைல் நெட்டில், வீட்டு ரவுட்டருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்களை அது எங்கே போய்த் தேடும்?

பேசாம எஸ்எஃப்டிபி (பூட்டின ஒரே இணைப்பில் ஃபைல் அனுப்பற வேற முறை)?

எதிர்முனைக்காரர் ஒத்துக்கிட்டா இன்னிக்கே மாறுங்க. போர்ட் 22, ஒரே இணைப்பு, 227 தலைவலி கிடையாது. ஒத்துக்காதவங்களுக்காகத்தான் மேலே இவ்வளவும்.