நான்கு வயதுக் குழந்தைக்குப் படப் புத்தகங்களும் செய்முறையும் வைத்து வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும். நான் ஆசிரியப் பயிற்சி எதுவும் பெற்றவனில்லை. என் மகளுக்கு நாலு வயதிலிருந்து ஆறு முடியும்வரை வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "பத்து நிமிஷம்கூட உட்காரமாட்டேன் என்கிறாள்" என்று உங்கள் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலவே அட்டவணை போட்டுத்தான் ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் செய்த தப்பு அதுதான். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எழுத்து, எண், படம், பாட்டு. மூன்றாவது வாரத்தில், நான் நோட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ஒருநாள் ஏழு சிவப்புப் பொத்தான்களையும் ஏழு நீலப் பொத்தான்களையும் எதிரெதிரே வரிசையாக வைத்தேன். இரண்டும் சமம் என்றாள். நீலத்தை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பரப்பினேன். "இப்போ நீலம்தான் நிறைய" என்றாள். மூன்று முறை எண்ணவைத்தும் அதே பதில். நான் சத்தம் போட்டேன், அவள் அழுதாள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதே சோதனையைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்திருக்கிறார், ஆறேழு வயதுக்கு முன்னால் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொல்லும் என்பதெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அன்று கத்தியது இன்னும் உறுத்துகிறது.

அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் கையில் வைத்திருந்த புத்தகத்திலிருந்து தொடங்கினேன். விதை முளைக்கும் கதை. ஒரு பக்கத்தில் மண்ணுக்குள் விதை, அடுத்த பக்கத்தில் இரண்டு பச்சை இலை. ஒரு மாதமாக தினமும் அதையே வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டம்ளருக்குள் ஈரப் பஞ்சைச் சுற்றிலும் வைத்து, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஊறிய பீன்ஸ் விதைகளைச் செருகினோம். மூன்றாம் நாள் காலை அவள்தான் முதலில் பார்த்தாள். தோல் வெடித்து வெள்ளையாக ஒரு நுனி, கீழ்நோக்கி. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். "அப்பா, நம்மளோடதுல வேர்தான் முதல்ல வந்திருக்கு. புக்குல ஒரு பக்கம் விட்டுட்டாங்க." விட்டுப்போன அந்தப் பக்கத்தை அவளே ஒரு தாளில் வரைந்து, நடுவில் பசை போட்டு ஒட்டினாள். அப்புறம் டம்ளரைப் படுக்கவைத்தோம். மறுநாள் பார்த்தால் வேரின் நுனி வளைந்து மறுபடியும் தரையைப் பார்த்திருந்தது. அது வளைவதைக் கண்ணால் பிடித்துவிட வேண்டும் என்று டம்ளர் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

எழுத்துக்கும் அதே வழிதான். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, இரண்டு விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லவைப்பது. நான் கண்டுபிடித்ததில்லை, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சொல்லிக்கொடுத்த முறை. நான் 'அ'வில் தொடங்கவில்லை. ட, அப்புறம் ப, அப்புறம் ம. நேர்க்கோடுகள் முதலில் விரலுக்குப் பழகட்டும், அ, இ போன்ற சுழிகள் பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"படம் காட்டுவதெல்லாம் ஒரு படிப்பா" என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள், ஆம்பளை வீட்டில் உட்கார்ந்து பொம்மை வெட்டுகிறானே என்றும் சேர்த்து. கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658-லேயே குழந்தைகளுக்குப் படங்களோடு பாடப் புத்தகம் போட்டார். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதே எண் எழுத்திலும் இருக்கும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகள் இப்போது பள்ளிக்குத்தான் போகிறாள், சந்தோஷமாகப் போகிறாள். ஜெர்மனி போன்ற நாடுகளில் பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம், அதனால் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் போய்க்கொண்டிருந்த நூலகத்தில் படப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருந்தார்கள். குழந்தைகள் கிழித்துவிடுவார்களாம். பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார்களாம். வாசிக்கத் தெரியாத குழந்தை எந்தப் பெயரைச் சொல்லும்? அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டு விதைப் புத்தகத்தில் பாதிப் பக்கம் ஒட்டியதுதான்.

விதையில் தொடங்கப்போகிறீர்கள் என்றால் முந்தின இரவே ஊறவையுங்கள். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. நாங்கள் முதலில் வைத்த நான்கும் அப்படித்தான் அழுகிப்போயின.