மடையா, மழையா, மலையா?

வணக்கம் டீச்சர்,

நான் செந்தூல்காரன். ராப் பாடகர் யோகி பியின் 'வல்லவன்' சிடி என் அண்ணன் காரில் ஓடிய காலத்தில் எனக்கு ஒன்பது வயது இருக்கும். அன்று பிடித்தது, யோகி பி என்றால் இன்றும் உயிர். எங்களைப் போல இருபது பேர் சேர்ந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். வேலை முடிந்து வந்தால் அதில்தான் பேச்சு. எந்தப் பாட்டில் எந்த வரி, எங்கே மூச்சு விடுகிறார், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இப்படி. போன வாரம் ஒருவர் 'மடை திறந்து' பாட்டு வரிகளை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதிப் போட்டார். முதல் சொல்லை எம், ஏ, எல், ஏ, ஐ என்று எழுதியிருந்தார். ஒருவர் மலை என்றார். நான் மழை என்றேன், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பாடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவர் நடுவில் வந்து, அது மடை, இதுகூடத் தெரியாதா, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் வரியைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள் என்றார். அப்புறம் எழுதியது யோகி பியா வைரமுத்துவா என்று இன்னொரு சண்டை. இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். நான் படித்தது மலாயில் சொல்லிக்கொடுக்கிற தேசியப் பள்ளி. தமிழ் படிக்கத் தெரியாதவன் பாட்டு வரியைப் பற்றிப் பேசக் கூடாதா டீச்சர்? ராப் உங்களுக்குப் பிடிபடுவதில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்கிறேன். இந்தக் கடிதம்கூட நான் சொல்லச் சொல்ல என் தங்கை தட்டச்சு செய்தது.

(பெயர் வேண்டாம்)
செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

மடைதான். அதை முதலில் முடித்துவிடலாம். உங்கள் தமிழ்ப்பள்ளி நண்பர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. என்னிடம் படித்தவராக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். விட்டுப் போன இரண்டு பேரையும் அவரே ஒட்டுக்கடைக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து அழைத்து வரட்டும், அதுதான் முறை.

யார் எழுதியது என்பதிலும் சிக்கல் இல்லை. 'நிழல்கள்' 1980இல் வந்த படம், பாரதிராஜா இயக்கியது, இளையராஜா இசை. இந்தப் பாட்டைப் பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், எழுதியவர் வாலி. வைரமுத்து பெயர் எப்படி நடுவில் வந்தது என்றால், அவருடைய முதல் பாட்டு இதே படத்தில்தான் இருக்கிறது, பொன்மாலைப் பொழுதைப் பற்றியது. கங்கை அமரனுக்கு ஒன்று, பஞ்சு அருணாசலத்துக்கு ஒன்று. நாலு பாட்டுக்கு நாலு கவிஞர் என்றால் யாருக்குத்தான் குழம்பாது! யோகி பி என்று சொன்னவரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2006இல் யோகி பியும் நட்சத்ரா குழுவும் வாலியின் பல்லவியை வைத்துக்கொண்டு நடுவில் தங்கள் ராப்பைப் போட்டார்கள், அந்த ராப் வரிகள் அவர்களுடையவைதான்.

நீங்கள் மழை என்று கேட்டதில் உங்கள் காதின் தப்பு ஒன்றும் இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மடை, மழை. ட, ழ, ள, ண நாலுக்கும் நாக்கு நுனி மடிந்து மேலே போகிறது. அதிலும் சொல்லுக்கு நடுவில் தனியாக வருகிற ட, 'பட்டம்' என்று சொல்லும்போது விழுவதுபோல அழுத்தி விழாது, 'படம்' என்பதில் வருவதுபோல லேசாகத் தட்டிவிட்டு ஓடிவிடும். வேகமான பாட்டு, கீழே டிரம்ஸ் வேறு, காரின் பின்சீட்டில் ஒன்பது வயதுப் பையன், மழை என்றுதான் விழும். தாளமும் காட்டிக்கொடுக்காது. மடை, மழை, மலை எல்லாமே குறிலில் தொடங்குகிற இரண்டெழுத்துச் சொல், எதைத் தூக்கி வைத்தாலும் மெட்டில் உட்கார்ந்துகொள்ளும். மாலை என்று யாராவது சொல்லியிருந்தால் மெட்டே விரட்டிவிட்டிருக்கும், நெடில் இடிக்கும். மோனையைப் பார்க்கலாம் என்றால் எல்லாமே ம.

அப்புறம் எதை வைத்துத் தீர்மானிப்பது? நாம் பேசுகிற பழக்கத்தை வைத்துத்தான். தமிழில் மழை பெய்யும், தூறும், கொட்டும், ஊற்றும், பிடித்துக்கொள்ளும், விடும். திறக்காது. வானம் வேண்டுமானால் பொத்துக்கொள்ளும். மலை திறப்பதற்கு அலிபாபா வர வேண்டும். திறப்பது மடை, அதாவது ஏரியிலோ வாய்க்காலிலோ தண்ணீரை அடைத்து வைத்து வேண்டும்போது திறந்துவிடுகிற வழி. ஒருவர் மூச்சு விடாமல் பேசினால் மடை திறந்த வெள்ளம் மாதிரி பேசினார் என்கிறோமே, அந்த மடை. வாலி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர், இந்தச் சொல்லைத் தேடி அவர் அகராதியைப் புரட்டியிருக்க மாட்டார். பாட்டு வருகிற இடத்தையும் பாருங்கள், வாய்ப்புக் கிடைக்காமல் அலைகிற ஓர் இசைக்காரன், தான் ஜெயித்துவிட்டதாகக் கனவு காண்கிறான். இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது திறந்துகொள்கிறது. மழை என்று பாடினால் அந்த அடைபட்டுக் கிடந்த காலம் பாட்டிலிருந்து காணாமல் போய்விடுகிறது, எனக்கு வருத்தமெல்லாம் அதில்தான்.

ஆனால் செந்தூலில் மடைக்கு எங்கே போவீர்கள்? உங்கள் தாத்தா அந்தக் காலத்துச் செந்தூல் ரயில்வே பட்டறை ஆளாகக்கூட இருக்கலாம். நானும் மடையைக் கண்டுவிட்டு வந்தவள் இல்லை. கெடா பக்கம் பேருந்தில் போகும்போது வயல் நடுவில் சிமெண்டு வாய்க்காலும், சக்கரம் வைத்த இரும்புக் கதவும் கண்ணில் படும், அதற்குப் பெயர் மடை என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தெரிந்த ஓட்டம் எல்லாம் மரத்திலிருந்து மங்குக்கு ஓடுகிற ரப்பர்ப் பால்.

அம்மாவிடம் ஒரு பாட்டு நோட்டு இருந்தது. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் தோட்டம், அம்மா பால்மரம் வெட்டினார், படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இப்போது மின்னல் எஃப்எம் என்கிறோமே, அந்தத் தமிழ் வானொலிக்கு ஒரு பழைய பெயர் வானொலி ஆறு. பாட்டுப் போடுகிற நேரத்துக்கு அடுப்புக்குப் பக்கத்தில் நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொள்வார். பாட்டு ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடாது, ஒரு தடவைக்கு ஒரு வரியோ இரண்டு வரியோ கிடைக்கும். காதில் சரியாக விழாத சொல்லுக்கு அளவாக இடம் விட்டுவிட்டு மேலே போவார். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அதே பாட்டு வந்தால், அந்த ஒரு இடம் வரும் வரை பேனாவை மூடாமல் காத்திருந்து நிரப்புவார், நடுவில் நாங்கள் வாயைத் திறந்தால் கரண்டி பறக்கும். பினாங்குக்குக் குடிவந்தபோது அந்த நோட்டு காலி பிஸ்கட் டின்னில் வந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, இப்போது என் மேசையில்தான் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்ததும் எடுத்துப் பார்த்தேன். ல, ள, ழ எல்லாம் தாறுமாறு. வெள்ளத்துக்கு ஒரு இடத்தில் வெல்லம் என்று போட்டிருக்கிறார், ஆறு இனித்திருக்கும். உங்கள் நண்பர் அந்தக் குழுவில் அம்மாவையும் வைத்திருக்க மாட்டார். 'மடை திறந்து' பக்கத்தில் முதல் சொல் 'மலை' என்று இருக்கிறது, அதை அடித்து 'மழை', அதையும் அடித்துவிட்டு மேலே நெருக்கி 'மடை'. மூன்றும் மூன்று மை, ஒன்று பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை, என்னுடையதாக இருக்கும். நீங்கள் இருபது பேர் ஒரு ராத்திரியில் போட்ட சண்டையை அம்மா தனியாளாக மாதக்கணக்கில் போட்டிருக்கிறார்.

அம்மாவால் அடித்து எழுத முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் எழுதினால் ல, ள, ழ, ட இதில் ஏதோ ஒன்றைப் போட்டே ஆக வேண்டும், தப்பாகவாவது போட வேண்டும். போட்ட பிறகுதான் இது சரியா என்ற சந்தேகமே வரும். ரூமியில் எல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மலையா மழையா மாலையா என்று எழுதினவரே முடிவு பண்ணவில்லை, படிக்கிறவர் தலையில் கட்டிவிட்டார், அப்புறம் சண்டை வராமல் என்ன செய்யும்? வி, ஏ, எல், ஐ என்று குழுவில் போட்டுப் பாருங்கள். வலி, வழி, வளி, வாளி, வாழி, வாலி என்று ஆறு சொல் எழுந்து வரும், அதில் ஒன்று இந்தப் பாட்டை எழுதின ஆள். தமிழ் என்ற சொல்லையே எல் போட்டுத்தான் எழுதுகிறோம். இந்தியாவிலிருந்து வருகிற வரிகளில் ழ-வுக்கு இசட், எச் போட்டிருப்பார்கள், நம் பிள்ளைகள் அதைச் சீனப் பெயர் படிக்கிற மாதிரி 'மஜை' என்று படித்ததை நானே கேட்டிருக்கிறேன். அதே படத்துப் பொன்மாலை ரூமியில் பொன்மலை ஆகிவிடும். பொன்மலை திருச்சியில் இருக்கிறது, ரயில்வே பட்டறைக்குப் பெயர்போன இடம், செந்தூல்காரருக்குப் பொருத்தம்தான், ஆனால் பாட்டு அங்கே போகவில்லை.

மலாய்ப் பாட்டில் இந்தத் தொல்லை குறைவு. எங்கள் தெருவில் அலிகேட்ஸ் பைத்தியங்கள் அதிகம், என் அண்ணன் அதில் முதல் ஆள். பினாங்கிலிருந்து கிளம்பிய குழு, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், தமிழ் வீட்டு அண்ணன் தம்பிகள் மலாயில் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். லோகநாதன் 2007இல் தவறியபோது அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவர்கள் பாட்டைப் பற்றி அண்ணனும் கூட்டாளிகளும் விடிய விடியப் பேசுவார்கள், எந்தச் சொல் என்று ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ரூமி அந்த மொழிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காருகிறது. அங்கேயும் 'பெராங்' என்று எழுதினால் போரும் உண்டு பழுப்பு நிறமும் உண்டு, ஆனால் அதெல்லாம் ஒன்றிரண்டு.

ராப் பற்றி நான் எழுதினது உண்மைதான். இங்கே லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரில் ஒரு சிடி கடை வாசலில் ஆளுயர ஸ்பீக்கரில் அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டபோது, நல்ல பாட்டை இப்படிப் பண்ணிவிட்டார்களே என்று அண்ணன் முகத்தைச் சுளித்தார், நானும் கூடச் சேர்ந்து சுளித்தேன். பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது அண்ணன் விரல் பைக் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அதை நான் சொல்லிக்காட்டவில்லை. எனக்குப் பிடிபடாதது வேகம் மட்டும்தான். நிதானமாகக் கேட்டால் உங்கள் ஆள்கள் அடி முடிவில் இயைபை வைத்து ஓடுகிறார்கள், நடுநடுவே எதுகை வந்து இடிக்கிறது. இரண்டும் யாப்பிலக்கணத்தில் உள்ள சரக்குதான், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததில்லை. யோகி பி அதற்கு முன்னால் இருந்த போயட்டிக் அம்மோ குழு, 1998இல் முதல் தொகுப்பை விட்டபோதே ஆங்கிலம், மலாய், தமிழ், கந்தோனீசு எல்லாவற்றையும் கலந்து அடித்தவர்கள். கோலாலம்பூரில் ஒரு பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றால் காதில் விழுவதும் அதே கலவைதானே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேசலாம் தம்பி, தாராளமாகப் பேசலாம். எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனித்ததாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு ஒரு பாட்டில் அதைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை, நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டு உட்கார்ந்து கேட்டேன், நீங்கள் சொன்னது சரி, வரி முடிகிற இடத்தில் விடுவதில்லை, இன்னும் தள்ளிப் போய்த்தான் விடுகிறார். ஆனால் குழுவில் இனி வரியை ரூமியில் போடாதீர்கள். 247 எழுத்தையும் நாளைக்கே படியுங்கள் என்று சொல்லவில்லை. தட்டச்சு வராதவர்கள் அந்த வரியைப் பாடிக் குரல் பதிவாகப் போடட்டும். தமிழ் தெரிந்தவர், அந்த வாய்த்துடுக்குக்கார நண்பர் உட்பட, அதைக் கேட்டுத் தமிழில் எழுதட்டும். எழுதும்போது அவரும் எத்தனை இடத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று பார்க்கலாம்.

இன்னொன்று. அம்மா நோட்டில் வேறொரு பாட்டில் மூன்று சொல்லுக்கு விட்ட இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. நானும் எவ்வளவோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. பாட்டின் முதல் வரியை உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், குழுவில் போட்டுப் பாருங்கள். யார் காதிலாவது விழுந்தால், தங்கையிடம் கொடுக்காமல் நீங்களே தமிழில் தட்டி அனுப்புங்கள். எழுத்து மாறினாலும் பரவாயில்லை, நோட்டில் அடிப்பதற்கு இன்னும் இடம் இருக்கிறது.