இரண்டு தொழில்கள் கலந்த பாத்திரத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது?

நண்பர்களோடு தமிழிலேயே ஒரு கற்பனை வேடமேற்பு விளையாட்டை வடிவமைத்து வருவதாகவும், இரண்டு கிளாஸ்களைக் கலந்து எடுக்கும் பாத்திரங்களை 'வீரன்/மந்திரவாதி', 'காவலன்/மருத்துவன்', 'திருடன்/பூசாரி' என்று சாய்கோடு போட்டு எழுதி எழுதி அலுத்துவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இதே அலுப்போடு சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பகடை உருட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். (ஒரு பாத்திரம் எந்த வகைத் திறமை கொண்டது என்பதைக் காட்டும் 'கிளாஸ்' என்பதை 'வகுப்பு' என்று எழுதினால் பள்ளிக்கூட மணி காதில் விழுகிறது. எங்கள் மேசையில் அதைத் 'தொழில்' என்றே சொல்லிவருகிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தொழில்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பெயர் கிடைக்காது. அந்த இரண்டு திறமைகளும் ஒரே நொடியில் பயன்படும்போது அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று கவனித்தால்தான் கிடைக்கும்.

சாய்கோட்டை நான் இழிவாகப் பேசமாட்டேன், ஏனென்றால் அது சோம்பலால் வந்ததன்று, கணக்கால் வந்தது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என்னும் பூசாரி ஆகிய மூன்றே தொழில்கள் இருந்தன. திருடன் அடுத்த ஆண்டு துணைநூல் ஒன்றின் வழியாக வந்து சேர்ந்தான். 1978-இல் வந்த 'அட்வான்ஸ்ட்' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில், மனிதரல்லாத எல்ஃப் முதலிய இனத்தார் ஒரே சமயத்தில் இரண்டு அல்லது மூன்று தொழில்களை மேற்கொள்ளலாம் என்றும், அவர்கள் ஈட்டும் அனுபவப் புள்ளிகள் அத்தொழில்களுக்குள் சமமாகப் பங்கிடப்படும் என்றும் விதி இருந்தது. 'ஃபைட்டர்/மேஜிக் யூசர்/தீஃப்' என்று தாளில் எழுதியபோது ஆட்டக்காரர் உண்மையில் எழுதியது பெயரன்று, மூன்று பத்திகள் கொண்ட ஒரு வரவுப் பேரேட்டின் தலைப்பு. 2005-இல் வந்த 'கில்ட் வார்ஸ்' கணினி விளையாட்டும் இதே வழியில்தான் சென்றது. அங்கே முதன்மைத் தொழில் முன்னாலும் துணைத் தொழில் பின்னாலும் வரும், முதன்மையாக எடுத்தவருக்கு மட்டுமே கிட்டும் பண்பு ஒன்று ஒவ்வொரு தொழிலுக்கும் உண்டு என்பதால் 'வாரியர்/மாங்க்' வேறு, 'மாங்க்/வாரியர்' வேறு. உங்கள் விதிகளில் இப்படிப்பட்ட வேறுபாடு முக்கியமென்றால், பாத்திரத் தாளில் சாய்கோடு இருந்துவிட்டுப் போகட்டும். மேசையில் அழைப்பதற்குத்தான் பெயர் வேண்டும்.

அதே 1978 நூலின் பின்னிணைப்பில் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. அதில் பார்டு என்னும் பாடகன் ஆக விரும்புபவர் முதலில் போர்வீரனாகச் சில நிலைகள் வளர்ந்து, பிறகு அதைவிட்டுத் திருடனாகச் சில நிலைகள் வளர்ந்து, கடைசியாகக் கெல்டிக் பூசாரிகளான ட்ரூயிடுகளிடம் கல்வி கற்க வேண்டும். மூன்று தொழில்களின் கலவைதான் அது, ஆனாலும் 'போர்வீரன்/திருடன்/ட்ரூயிட்' என்று யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவன், சண்டை தெரிந்தவன், கைச்சுத்தம் கொஞ்சம் சந்தேகத்துக்குரியவன், பழங்கதையும் பாட்டும் அறிந்தவன் என்ற உருவம் ஒன்று மக்கள் மனத்தில் முன்பே இருந்தது; பெயர் அந்த உருவத்திலிருந்து வந்ததால், சேர்மானங்கள் மூன்றும் அதற்குள் கரைந்துபோயின.

நடுவில் நிற்பவை அடைமொழிப் பெயர்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2003-இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, கலப்புத் தொழில்களுக்கென்றே 'எல்ட்ரிச் நைட்', 'ஆர்க்கேன் டிரிக்ஸ்டர்', 'மிஸ்டிக் தீயர்ஜ்' போன்ற உயர்தொழில்கள் வந்தன. முன்னால் நிற்கும் மூன்று சொற்களுக்கும் அகராதியில் வெவ்வேறு நிறம் உண்டென்றாலும், விளையாட்டில் அவை சொல்வது 'மந்திரம் தெரிந்த' என்ற ஒன்றைத்தான். இடம் மாற்றி வைத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்படியே நடக்கவும் செய்தது: 'பாத்ஃபைண்டர்' என்ற இன்னொரு வேடமேற்பு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் 'எல்ட்ரிச் டிரிக்ஸ்டர்' என்றே ஒரு திருடன் வகை இருக்கிறது. இதைவிட அதே 'பாத்ஃபைண்டரின்' முதல் பதிப்புக்காக 2014-இல் ஒரே நூலில் வந்த பத்துக் கலப்புத் தொழில்களைப் பாருங்கள் என்பேன். பிறவியிலேயே இரத்தத்தில் மந்திரம் ஓடும் சாசரரையும், வெறிகொண்டு போரிடும் பார்பேரியனையும் கலந்து 'பிளட்ரேஜர்' என்று வைத்தார்கள் ('பிளட்' இரத்தம், 'ரேஜ்' வெறி). 'மந்திரவாதி' என்ற சொல்லும் அதில் இல்லை, 'வீரன்' என்ற சொல்லும் இல்லை. ஒருவனுடைய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு பக்கத்திலிருந்தும், அது எப்படி வெடிக்கிறது என்பதை இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் இது களவாட வேண்டிய உத்தி: தொழிலின் பட்டப்பெயரைத் தொடாதீர்கள், அதன் கருவியையோ ஊற்றையோ வினையையோ எடுங்கள்.

எல்லாச் சேர்க்கைகளுக்கும் பெயர் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் 'டைட்டன் குவெஸ்ட்' நல்ல பாடம். 2006-இல் வந்த அந்த விளையாட்டில் எட்டுத் துறைகளுள் இரண்டைத் தேர்ந்தால் 28 சேர்க்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அடுத்த ஆண்டின் விரிவாக்கத்தில் ஒன்பதாம் துறை சேர்ந்ததும் அது 36 ஆயிற்று. அவற்றுள் ஆவித்துறையும் வேட்டையும் சேர்ந்த 'போன் சார்மர்', அதாவது எலும்பை மயக்குபவன், கேட்டவுடன் முதுகுத்தண்டு சிலிர்க்கும் பெயர். ஆனால் புயலும் வேட்டையும் சேர்ந்தால் 'சேஜ்' என்று ஞானி ஆகிவிடுகிறான். மின்னலை அம்பில் ஏற்றி எய்பவனிடம் என்ன ஞானத்தைக் கண்டார்களோ! திருட்டோடு நெருப்பை ஆளும் நிலத்துறை சேர்ந்தால் 'மெஜிஷியன்', திருட்டோடு பனியையும் மின்னலையும் ஆளும் புயல் சேர்ந்தால் 'சாசரர்'. இரண்டு பெயர்களையும் வைத்துக்கொண்டு எவன் நெருப்பு, எவன் பனி என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பிய பெயர்கள் இப்படித்தான் இருக்கும். பத்துத் துறைகளில் மூன்றைத் தேரச் சொன்ன 'ஆர்க்கேஜ்' என்ற கணினி விளையாட்டு 120 பெயர்களை வைத்தது. அவற்றுள் 'டார்க்ரன்னர்' போன்ற சிலவற்றைத் தவிர எனக்கு ஒன்றும் மனத்தில் தங்கவில்லை. எங்கள் விளையாட்டில் ஏழு தொழில்கள், 21 இணைகள். பெயர் பெற்றவை ஒன்பதுதான்.

இனித் தமிழுக்கு வருகிறேன். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து வெறுத்த தொகைநிலைத் தொடர்கள் இந்த வேலைக்கென்றே ஆனவை என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். சாய்கோடு என்பது உம்மைத்தொகை: வீரனும் மந்திரவாதியும். அடைமொழிப் பெயர் என்பது பண்புத்தொகையின் உறவு. 'ஸ்பெல்ஸ்வோர்ட்' போன்ற ஆங்கிலப் பெயர்களோ அன்மொழித்தொகை. பொற்றொடி என்று வளையலைச் சொல்லி அதை அணிந்தவளைக் குறிப்பதுபோல, மந்திரத்தையும் வாளையும் சொல்லி அவற்றை உடையவனைக் குறிக்கிறார்கள். இதை அப்படியே பின்பற்றி 'மந்திரவாள்' என்று நான் ஒரு பெயர் வைத்தேன். முதல் ஆட்டத்திலேயே ஒருவர், அது எந்தக் கடையில் கிடைக்கும், எத்தனை பகடை சேதம் என்று கேட்டார். ஆளின் பெயர் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. சரி, வரிசையை மாற்றி 'வாள்மந்திரி' என்று வைக்கலாமென்றால், மந்திரி அமைச்சராகிவிடுகிறார்.

வரிசையை மாற்றும்போது வேறோர் ஆபத்தும் உண்டு. தொகையில் பின்னால் நிற்கும் சொல்லே பெரும்பாலும் ஆளைத் தீர்மானிக்கும், முன்சொல் அவனுக்கு நிறம் கொடுக்கும். 'மந்திரக்கள்வன்' என்றால் மந்திரத்தால் திருடுபவன், பொருத்தமான பெயர்தான். மந்திரம் முதன்மை, திருட்டு துணை என்று காட்டுவதற்காக அதைத் திருப்பினால் 'கள்ள மந்திரவாதி' ஆகி, போலி ஆசாமி ஒருவர் வந்து நிற்பார்.

வீரன்/மந்திரவாதி சிக்கல் எங்களுக்குத் தீர்ந்தது என் அக்கா மகளால். அவளுடைய பாத்திரம்தான் அது. 'மாந்திரிகப் போர்வீராங்கனை' என்று நான் பெருமையோடு எழுதிக்கொடுத்திருந்த பெயரை மூன்று வாரங்களில் ஒருவர்கூட வாயால் சொல்லவில்லை. ஒருநாள் ஆட்டத்தை நடத்தியவர், "குகைக்குள் எதிரி வந்துவிட்டான், உன் ஆள் என்ன செய்வாள்?" என்று கேட்க, அவள் யோசிக்காமல், "மொதல்ல ஓதுவா, அப்புறம் வெட்டுவா" என்றாள். நான் குறிப்பேட்டில் 'ஓதுவாள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போதுதான், அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு வாள் கிடப்பதைக் கண்டேன். ஓதுவாள்: ஓதிய வாள், ஓதுகின்ற வாள், ஓதும் வாள். வினைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. தாழ்குழல் என்று கூந்தலைச் சொல்லிப் பெண்ணைக் குறிக்கும் அதே இலக்கணம். அன்றிலிருந்து எங்கள் மேசையில், "மாமா, ஓதுவாள் இந்தத் தடவை ஓதுவாளா வெட்டுவாளா?" என்பது வாடிக்கையான கேலியாகிவிட்டது. வெட்டுவாளும் வினைத்தொகைதானே.

குறையும் உண்டு. ஆணுக்கு 'ஓதுவான்' என்று மாற்றினால் வாள் காணாமல் போகிறது. மரியாதைக்கு 'ஓதுவார்' என்றால் கோயிலில் தேவாரம் பாடுபவர் நினைவுக்கு வருகிறார். அன்மொழித்தொகைக்குப் பால் கிடையாது என்ற துணிவில், "ஓதுவாள் வந்தான்" என்றே நாங்கள் பேசுகிறோம். புதிதாக வருபவர்கள் விழிக்கிறார்கள், பிறகு பழகிவிடுகிறார்கள்.

புதிதாகக் கட்டாமல் இருப்பதை எடுப்பது இரண்டாவது வழி. பழைய தமிழில் கலப்புத் தொழிலர் நிறையப் பேர் முன்பே இருக்கிறார்கள். வேலைக் கையில் ஏந்தி வெறியாடி, தெய்வம் ஏறிக் குறி சொல்லும் வேலன், பூசாரியும் ஆயுதமும் சேர்ந்த உருவம். பொருநன் என்ற சொல்லுக்குப் போர்வீரன் என்றும் பொருள், கூத்தன் என்றும் பொருள். பொருநரில் போர்க்களம் பாடுவோர் என்று ஒரு பிரிவையே உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். வீரனையும் பாடகனையும் கலப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இன்று ஒரு சமூகத்தின் பெயராக வழங்கும் சொற்களை, சங்கப் பாடலில் அவற்றுக்கு வேறு பொருள் இருந்தாலும், நான் தொடுவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய வீட்டுப் பெயராகவும் அது இருக்கலாம். அதைத் திருடனுக்கோ பேயோட்டிக்கோ வைத்துவிட்டு, இலக்கியச் சான்று காட்டிக்கொண்டிருப்பது அழகன்று.

புறத்திணைப் பூக்களை இந்தக் கண்ணோடு பார்த்தீர்களா? வெட்சி சூடியவர்கள் பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்பவர்கள். நற்சொல் கேட்பது, ஒற்றறிவது, மறைவாகச் சூழ்வது, பிறகு சண்டை. எங்கள் வீரன்/திருடன் அதனால் 'வெட்சியார்' ஆனார். நீங்கள் கேட்ட காவலன்/மருத்துவனுக்கு 'நொச்சியார்' என்ற பெயரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையைக் காப்பவர் சூடுவது நொச்சி. சளி பிடித்தால் பாட்டி வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கச் சொல்வதும் அதே நொச்சி. 'ஆர்' விகுதி இருப்பதால் யாரும் அதைப் பையில் வைக்கும் பொருளென்று நினைக்கமாட்டார்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல்: பகடை உருண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது வாயில் வராத பெயர், தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைக்காது. ஆறு எழுத்தைத் தாண்டினால் நான் சந்தேகப்படத் தொடங்குகிறேன்.

திருடன்/பூசாரிக்கு என்னிடம் பெயர் இல்லை. ஒரு நண்பர் அதை எடுத்து இரண்டே மாலைகள் ஆடினார். முதல் மாலை முழுக்கத் திருடினார், இரண்டாம் மாலை முழுக்கப் பூசை செய்தார். இரண்டையும் ஒன்றாக அவர் செய்து நாங்கள் பார்ப்பதற்குள் பாத்திரம் பாழுங்கிணற்றில் விழுந்து செத்துப்போனது. எங்கள் குறிப்பேட்டில் அது இன்னும் சாய்கோட்டோடுதான் இருக்கிறது. உங்கள் மேசையில் யாராவது அதை நீண்ட நாள் ஆடினால், அவர் என்ன செய்கிறார் என்பதைக் கருத்துரையில் எழுதுங்கள்.