பணம் கொடுத்துக் கட்டுரை வாங்கினால்தான் முனைவர் பட்ட இடம் கிடைக்குமா?

கேள்வி: ஊட்டச்சத்தியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். உணவுக்கும் சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற ஆசை. வெளியான கட்டுரைகள் குறைந்தது இரண்டு இல்லாவிட்டால் எந்த வழிகாட்டியும் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்கிறார் ஓர் ஆலோசனை முகவர். பணம் கட்டினால் மூன்றே மாதத்தில் இரண்டு கட்டுரைகளில் என் பெயரைச் சேர்த்துத் தருவாராம். கணக்கிலும் நான் சுமார்தான். என்ன செய்யலாம்?

பதில்: கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனால் போகட்டும், உங்கள் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் விற்கும் சரக்கு எங்கே தயாராகிறது என்று சொல்கிறேன். அமெரிக்க அரசு நடத்தும் 'என்ஹேன்ஸ்' என்ற உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல தரவு. அதிலிருந்து ஒரு சத்து, ஒரு நோய் என்று ஜோடி சேர்த்து, ஒரே அச்சில் கட்டுரைகளை வார்த்துத் தள்ளுகிறார்கள். இப்படிப்பட்ட கட்டுரைகள் திடீரெனப் பெருகியிருப்பதை 2025-இல் 'பிளாஸ் பயாலஜி' இதழில் வந்த ஆய்வு வெளிச்சமிட்டது. 2023-இல் ஹிந்தாவி என்ற பதிப்பு நிறுவனத்தின் இதழ்களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற கட்டுரை மறைந்துவிடாது. அந்தக் குறிப்போடும் உங்கள் பெயரோடும் இணையத்தில் அப்படியே இருக்கும். முகவர் அதற்குள் வேறு பெயரில் கடை திறந்திருப்பார்.

இவர்களை வளர்த்தது யார்? கட்டுரையைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் தேர்வுக் குழுக்கள்தான். இருபது வயதுகளில் இருப்பவரிடம் "எத்தனை கட்டுரை?" என்று கேட்கும் முறையே அநியாயம். இதைப் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கேட்பார் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பாதீர்கள். பணம் கேட்கும் இதழ் எல்லாமே மோசடி அல்ல. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று வெளியிடும் நல்ல இதழ்கள் பலவும் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன. அந்தத் தொகை அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். துறை அறிந்தவர்கள் கட்டுரையைப் படித்துத் திருத்தம் கேட்டு, அது ஏற்கப்பட்ட பிறகே கட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் நிறுவனமோ ஆய்வு நிதியோ அதைக் கட்டும். வசதியில்லாதவர்களுக்கு விலக்கு தரும் இதழ்களும் உண்டு. ஆகவே, கட்டணம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அது எதற்காக என்று பாருங்கள். ஏற்பு உறுதி என்றோ, இன்ன தேதியில் வெளிவரும் என்றோ சொல்லிக் கேட்டால் விலகிவிடுங்கள். எழுதாத கட்டுரையில் பெயர் சேர்க்கப் பணம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இனி கணக்கு. புள்ளியியல் கற்காமல் இந்தத் துறையில் நடக்காது, ஆனால் அது கற்றுக்கொள்ளக்கூடியதுதான். அதைவிட அரிது, தரவைச் சந்தேகிக்கும் கண். எந்த உணவை எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு நிரப்பிய ஒரு வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 450 கலோரி வருகிறது. ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டாரா, வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னாரா, நோயால் சாப்பாடே இறங்கவில்லையா? 500-க்குக் கீழும் 3,500-க்கு மேலும் காட்டும் பெண்களின் தாள்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பெரிய ஆய்வுகள் பலவற்றின் வழக்கம். ஏன் விடுகிறார்கள், விட்டால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று யோசிப்பவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

அந்தக் கண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கேரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து சாட்சி. அதை உணவில் அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

ஆகவே முகவருக்குத் தரவிருந்த பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த என்ஹேன்ஸ் தரவை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். தரமான ஒரு பழைய கட்டுரையின் முதல் அட்டவணையை உங்கள் கையால் மறுபடி வரவழைக்கப் பாருங்கள். எண்கள் பொருந்தாது. எங்கே பிசகுகிறது என்று தேடும் அந்தச் சில வாரங்களில் கணக்குப் பயம் பாதி தெளியும். அந்தக் குறிப்புகளோடு வழிகாட்டியிடம் போங்கள். விலைக்கு வாங்கிய இரண்டு கட்டுரைகளைவிட நல்ல வழிகாட்டி அதைத்தான் மதிப்பார்.

வழிகாட்டியிடம் நீங்களும் கேளுங்கள். நாட்பட்ட நோய் தெரியவர ஆண்டுகள் ஆகும், முனைவர் பட்டத்துக்குள் புதிதாகத் தொடங்கி முடிக்க முடியாது. செவிலியர்களைத் தொடர்ந்து கவனிக்கும் அமெரிக்க ஆய்வு 1976-இல் தொடங்கியது, உணவு வினாத்தாள் அதில் 1980-இல்தான் சேர்ந்தது. எனவே அவரிடம் ஏற்கெனவே திரட்டிய தரவு இருக்கிறதா, அதைத் தொட உங்களுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கிடைக்குமா, நீங்கள் செய்யும் வேலையிலிருந்து வரும் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? இந்த மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் சேர வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் சரி.