ஊறப்போடாத பிளம் கேக்

கேள்வி: அக்கா, பெங்களூரு சிவாஜிநகர்ல இருக்கோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருக்கு, பழம் இன்னும் ஊறப்போடல, ரம்மும் சேர்க்க மாட்டோம். பிளம் கேக் வருமா?

பதில்: தாராளமா வரும்மா. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துலதானே இருக்கு, கறுப்பு திராட்சை, பேரீச்சை வாங்கி பொடியா நறுக்கி ஆரஞ்சு ஜூஸ்ல சின்னத் தீயில 10 நிமிஷம் வேகவிட்டு ஆறவெச்சாலே போதும், மாசக்கணக்கா ஊறணும்னு இல்ல. மாவுல கலக்கறதுக்கு முன்னாடி பழத்தை கொஞ்சம் மைதால புரட்டிடுங்க, இல்லன்னா அடியில போய் உக்காந்துக்கும். சர்க்கரையை கேரமல் ஆக்கறப்போ மட்டும் பிள்ளைங்க அடுப்புகிட்ட வரவே கூடாது, வெந்நீர் ஊத்தினதும் பயங்கரமா தெறிக்கும்! அவங்ககிட்ட கல்கல்ங்கற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கான மாவைக் கொடுத்துடுங்க, ஃபோர்க் பின்பக்கம் வெச்சு அழுத்தி சுருட்டட்டும், கோணலா வந்தாலும் பொரிச்சா அழகுதான், எங்க வீட்ல கல்கல் சுருட்டற ராத்திரிதான் பண்டிகையே.