பெட்டையைப் பார்த்துவிட்டுப் பொலிகுதிரை தேடுங்கள்: அரபிக் குதிரை கேள்வி பதில்

வளைகுடாவில் இரண்டு அரபிக் குதிரைப் பண்ணைகளில் பத்தொன்பது ஆண்டுகள் சினைப் பெட்டைகளையும் குட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பெட்டையோடு சேர்க்கும் ஆண் குதிரையை, அதாவது பொலிகுதிரையைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பொலிகுதிரையின் படத்தை அனுப்பி "இது எப்படி?" என்று கேட்டவை. தங்கள் பெட்டையின் படத்தை அனுப்பியவர்கள் இரண்டே பேர். கோளாறு அங்கேயே தொடங்குகிறது.

ஐயா, ஷார்ஜாவில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறேன். முதலாளி எட்டு வயதுப் பெட்டைக்குப் பொலிகுதிரை பார்க்கச் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, லாயத்திலிருந்து தொடங்குங்கள். பெட்டையைச் சமதரையில் நிறுத்தி முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று பாருங்கள். பிறகு நேர்கோட்டில் நடக்கவிட்டுப் பாருங்கள். அவளிடம் உள்ள குறைகளில் குட்டிக்கு வரவே கூடாதவை என்று இரண்டை மட்டும் தாளில் எழுதுங்கள். பத்து குறைகளை ஒரே குட்டியில் திருத்திவிடலாம் என்று நினைப்பவர் ஒன்றையும் திருத்துவதில்லை.

அந்த இரண்டு இடத்திலும் பொலிகுதிரை சரியாக இருக்க வேண்டும். சரியாக என்றால் நேர்மாறாக என்று பொருள் அல்ல. முதுகு நீண்ட பெட்டைக்கு, முதுகு மிகக் குட்டையான குதிரையைத் தேடுகிறார்கள். இரண்டும் கலந்து நடுவில் வந்து நிற்கும் என்பது கணக்கு. குட்டி என்ன பாலும் தண்ணீருமா, கலந்து நடுவில் நிற்க? இந்தக் குறையோ அந்தக் குறையோ அப்படியே இறங்கும். அளவான முதுகுள்ள குதிரைதான் அதற்கு மருந்து.

நான் இருந்த பண்ணை ஒன்றில் முன்னங்கால் முட்டி பின்னோக்கி வளைந்த பெட்டை ஒருத்தி இருந்தாள். முகம் ஓவியம் மாதிரி இருக்கும். அந்த முகத்தை இன்னும் அழகாக்கலாம் என்று கண்காட்சியில் வென்ற குதிரைக்கு அவளைச் சேர்த்தார்கள். அதன் முட்டியை யாரும் பார்க்கவில்லை. மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றுக்கும் அதே முட்டி. முகம் என்னவோ அழகுதான்.

பட்டம் வென்ற குதிரை என்றால் நம்பிச் சேர்க்கலாமா?

பட்டம் அந்தக் குதிரைக்குக் கொடுத்தது, அதன் குட்டிகளுக்கு அல்ல. குட்டிகளைப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் நான்கைந்து குட்டிகளை அல்ல, உங்கள் பெட்டையைப் போன்ற தாய்க்குப் பிறந்தவற்றை.

போலந்து கதை ஒன்று சொல்கிறேன். அங்கே யானோவ் போட்லாஸ்கி என்ற அரசுப் பண்ணை 1817 முதல் இருக்கிறது. தாய்வழிக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள். கத்தாரில் பிறந்த கஸல் அல் ஷகாப் என்ற பொலிகுதிரையைப் போலந்துப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதற்கும் பியானோசா என்ற பெட்டைக்கும் 2003இல் பிறந்தவள்தான் பியானிசிமா. கண்காட்சி உலகமே அவளைக் கொண்டாடியது. எல்லோரும் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். அதே பொலிகுதிரைக்குச் சாதாரணப் பெட்டைகளைச் சேர்த்தவர்களுக்குப் பியானிசிமா கிடைக்கவில்லையே, ஏன்?

அரேபியப் பாலைவனத்து நாடோடிகளான பெதூயின்களும் குஹைலான், சக்லாவி, ஹத்பான் என்ற குலப் பெயர்களைத் தாய்வழியாகவே எண்ணினார்கள். நம் ஊரில் "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோம். குட்டிக்குப் பாதி மரபணு தகப்பனுடையது, மறுக்கவில்லை. ஆனால் பதினோரு மாதம் வயிற்றில் வைப்பவளும், பிறகு ஐந்தாறு மாதம் பக்கத்தில் வைத்து வளர்ப்பவளும் தாய்தான்.

மரபணுப் பரிசோதனை அவசியமா? பொலிகுதிரைக்காரர் "என் குதிரை ஆரோக்கியமாக இருக்கிறது, எதற்கு?" என்கிறார்.

இந்தப் பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அரபிக் குதிரைகளில் மரபுவழி நோய்கள் சில உண்டு. எஸ்சிஐடி என்பது நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறப்பது. குட்டி பிறக்கும்போது துள்ளிக் குதிக்கும். சீம்பாலில் கிடைத்த தாயின் எதிர்ப்புப் பொருள் தீரத் தீர நிமோனியா முதலியவை பிடிக்கும். ஐந்து மாதத்துக்குள் இறந்துவிடும். சிஏ என்பது சிறுமூளைச் சிதைவு. பெரும்பாலும் ஆறு வாரத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடையில் தலை நடுங்கும், கால் தடுமாறும், சிகிச்சை கிடையாது. லாவெண்டர் குட்டி நோயில் குட்டி வெளிறிய ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் பிறக்கும், எழுந்து நிற்கவே முடியாது. எகிப்தில் வளர்த்த அரபிக் குதிரைகளின் வழிவந்தவற்றில், அதாவது எகிப்திய வழிக் குதிரைகளில், இதை அதிகம் பார்க்கிறோம். மண்டை ஓடும் கழுத்தெலும்பும் சேரும் இடத்தில் வரும் கோளாறு ஒன்றும் உண்டு, அது அரிது.

எஸ்சிஐடி, சிஏ, லாவெண்டர் மூன்றும் ஒடுங்கு மரபணு நோய்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் குதிரை கடத்தி. அது வாழ்நாள் முழுதும் ஆரோக்கியமாக ஓடும், பட்டமும் வாங்கும். "என் குதிரை ஆரோக்கியமாக இருக்கிறது" என்பது ஒரு பதிலே அல்ல என்று சொல்வது இதனால்தான். கடத்தியும் கடத்தியும் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் நோயுள்ள குட்டி பிறக்க 25 சதவீத வாய்ப்பு. கடத்தியும், பழுதான பிரதியே இல்லாத தூய குதிரையும் சேர்ந்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. ஆனால் குட்டி கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆகவே கடத்தி என்று தெரிந்த உடனே நல்ல குதிரையைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் பெட்டை தூயவள் என்று பரிசோதனைத் தாளில் இருந்தால் சேர்க்கலாம், பிறக்கும் குட்டியைப் பரிசோதிக்க வேண்டும். எஸ்சிஐடி பரிசோதனை 1997 முதலே கிடைக்கிறது. பிடரியிலோ வாலிலோ வேரோடு பிடுங்கிய இருபது முப்பது முடிகளை அனுப்பினால் போதும். இத்தனை முடியைத் தர மறுக்கும் பொலிகுதிரைக்காரரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அண்ணா, என் பெட்டை 14 கை உயரம்தான். 15.2 கை உயரப் பொலிகுதிரை வைத்தால் குட்டி பெரிதாகிப் பிரசவத்தில் சிக்குமா?

நல்ல கேள்வி. ஒரு கை என்பது நான்கு அங்குலம், 15.2 என்றால் பதினைந்து கையும் இரண்டு அங்குலமும். 1938இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர், பிரமாண்டமான ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லண்ட் மட்டத்தையும் இரண்டு பக்கமும் மாற்றிச் சேர்த்துப் பார்த்தார்கள். ஷெட்லண்ட் தாய்க்குப் பிறந்த குட்டி சிறியதாகவே பிறந்தது. வயிற்றில் குட்டி எவ்வளவு வளரும் என்பதைப் பெருமளவு தாயின் கருப்பைதான் தீர்மானிக்கிறது. உங்கள் ஆறு அங்குல வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். உயரமான குட்டி உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ணிச் சேர்க்கவும் வேண்டாம்.

பொலிகுதிரைக்குச் சுழி பார்க்க வேண்டுமா? அப்பா கட்டாயம் என்கிறார்.

அப்பாவின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுழியால் குட்டிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் சுழி இருக்கும் இடங்களை வெளிநாட்டுக் குதிரைப் பாஸ்போர்ட்டிலும் வரைந்து வைப்பார்கள், இன்ன குதிரை என்று அடையாளம் காண. முகத்துச் சுழியைப் பார்க்கக் குனியும்போது அப்படியே உதட்டை விலக்கிப் பல்லையும் பார்த்துவிடுங்கள். மேல்தாடை முன்தள்ளிய கிளிவாய் இருந்தால் வேண்டாம். பின்னால் போய் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்றுதான் இறங்கியிருக்கிறது என்றால் அந்தக் குதிரையைப் பொலிக்கு வைத்ததே தவறு.

வெள்ளைக் குட்டிதான் வேண்டும். என்ன செய்யலாம்?

நீங்கள் வெள்ளை என்பது பெரும்பாலும் நரைக்கும் குதிரை. பழுப்பிலோ கறுப்பிலோ பிறந்து, ஆண்டுதோறும் நரைத்து வெளுக்கும். தாய் தகப்பனில் ஒருவராவது நரை மரபணு உள்ளவராக இருக்க வேண்டும். அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் உள்ள பொலிகுதிரைக்குப் பிறப்பது எல்லாமே நரைக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: நரைக்கும் குதிரைகளுக்கு வயதானபின் வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கறுப்புக் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் நிறத்தைப் பார்த்தவர்களின் லாயங்களில் வெள்ளை வெளேரென்று எத்தனையோ கோணல் கால்களைப் பார்த்திருக்கிறேன்.

முழு எகிப்திய வழிப் பெட்டை வைத்திருக்கிறேன். அதே வழியில்தான் சேர்க்க வேண்டுமா? வம்சாவளித் தாளில் இரண்டு பக்கமும் நசீர் பெயர் பல தடவை வருகிறது.

நசீர் 1934இல் பிறந்த குதிரை. எகிப்திய வழியில் அந்தப் பெயர் வராத தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு பின்னால் இருக்கும் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவதைவிட, கடைசி நான்கைந்து தலைமுறையில் யார் திரும்ப வருகிறார் என்று பாருங்கள். தகப்பன் ஒன்றாக உள்ள இரண்டைச் சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் 25. திரும்ப வரும் குதிரையின் நன்மையோடு அதன் ஒளிந்திருக்கும் நோயும் இரட்டிக்கும். முழு எகிப்தியக் குட்டி என்றால் சந்தை விலை அதிகம் என்பதற்காக மட்டும் நீங்கள் தயங்கினால், அது உங்கள் பணம், உங்கள் முடிவு. என் விருப்பத்தைக் கேட்டால், வெளிவழிக் குதிரை ஒன்றை ஒரு முறையாவது முயன்று பார்ப்பேன்.

உறைவிந்தா, குளிர்விந்தா? பெட்டைக்குப் பதினாறு வயது.

குளிர்விந்து. அது ஐந்து டிகிரியில் பெட்டியில் வரும், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் உறைவிந்து உருகியபின் சில மணி நேரம்தான் வேலை செய்யும். முட்டை வெளியாகும் நேரத்தை ஒட்டியே வைக்க வேண்டும். மருத்துவர் இரவும் பகலும் ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். வயதான பெட்டையின் கருப்பையில் நீர் தங்குவது இதில் கூடுதல் தலைவலி. விந்தை வரவழைப்பதற்கு முன் கருப்பையிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். நேரடிச் சேர்க்கை என்றால் இரண்டு பக்கமும் தொற்றுநோய்ப் பரிசோதனைத் தாள் இல்லாமல் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய நாட்டுப் பெட்டை. அரபிப் பொலிகுதிரை சேர்த்தால் அரபிக் குட்டி கிடைக்குமா?

பாதி அரபி கிடைக்கும். தூய அரபிப் பதிவேட்டில் ஏறாது. சவாரிக்கு நல்ல குட்டியாக வரலாம். பெட்டை ராஜஸ்தானின் மார்வாரி இனமாக இருந்தால் கலக்க எனக்கு மனம் வராது. அந்த வளைந்த காதும் அதன் இனமும் காக்க வேண்டியவை.

நம் ஊருக்கு ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, கடல் வழியே வந்திறங்கிய உயர்ந்த குதிரைகளைச் சேர்த்தாலும் இங்கே கோணல் கால் குட்டிதான் பிறக்கிறது என்று எழுதினார். குதிரைக்கு இறைச்சியும் சோறும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும் அவரே எழுதுகிறார். தகப்பனுக்குச் செலவழித்த காசில் கொஞ்சம் சினைப் பெட்டையின் தீவனத்துக்கும் தாது உப்புக்கும் ஒதுக்குங்கள். தவிட்டை மட்டுமே நம்ப வேண்டாம். அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு.

குணம் குட்டிக்கு வருமா?

வரும். கொஞ்சம் மரபில், நிறையத் தாயைப் பார்த்து. குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். கடிக்கும் பொலிகுதிரையைப் "பௌருஷம்" என்று புகழ்பவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

சென்ற முறை பிறந்த குட்டி இரண்டாம் நாள் மஞ்சள் காமாலை வந்து இறந்தது. அதே பொலிகுதிரையை வைக்கலாமா?

வருந்துகிறேன், அம்மா. தாயின் இரத்த வகைக்கும் தகப்பனின் வகைக்கும் ஒவ்வாமை இருந்தால், தாய் உருவாக்கிய எதிர்ப்புப் பொருள் சீம்பால் வழியே குட்டியின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பெட்டைக்கு இரத்தப் பரிசோதனை செய்து, ஒத்துவரும் வகையுள்ள வேறு பொலிகுதிரையைத் தேடுவதே நல்லது. அதே குதிரைதான் என்றால், குட்டி பிறந்தவுடன் வாய்க்கூடு போட்டு, முதல் இரண்டு நாள் தாயிடம் குடிக்கவிடாமல், வேறு பெட்டையின் சீம்பாலைப் புட்டியில் கொடுக்க வேண்டும். அந்தச் சீம்பாலை முன்பே உறையவைத்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தேடிக் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது?

உயிர்க்குட்டி உறுதி என்று எழுதியிருந்தால் "எழுந்து நின்று பால் குடித்த குட்டி" என்று விளக்கம் இருக்கிறதா பாருங்கள். குட்டி தவறினால் மறு ஆண்டு இலவசமா, எத்தனை ஆண்டுக்குள், பெட்டையை மாற்றலாமா என்பதும் எழுத்தில் வேண்டும். பொலிக்கட்டணம் ஒன்று, விந்து எடுக்கும் கட்டணமும் கூரியரும் வேறு. இரண்டாவதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள்.

மார்ச் 10 கருவூட்டினோம். எப்போது குட்டி?

சராசரி 340 நாள் என்று வைத்தால் பிப்ரவரி 13 வாக்கில். இருபது நாள் முன்னும் போகும், பின்னும் போகும், பெட்டைக்கு நாட்காட்டி தெரியாது. அதற்கு முன் ஒன்று: கருவூட்டிய பதினைந்தாம் நாள் ஸ்கேன் பார்த்தீர்களா? இரட்டைக் கரு இருந்தால் ஒன்றை நீக்க அதுதான் சரியான சமயம், தள்ளிப்போனால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். பார்க்கவில்லை என்றால் இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.