ஆயுளுக்கும் ஒரே ஒரு ஏர் ரைஃபிள் என்றால் எதை வாங்கலாம்?

விலை கூடினாலும் பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றால் என் ஓட்டு ஸ்பிரிங் வகைக்கு. ஜெர்மனியின் வைராவ்க் கம்பெனி செய்யும் எச்.டபிள்யூ. 97 கே நல்ல உதாரணம்.

குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் அது பிஸ்டனைத் தள்ளும். நசுங்கிய காற்று குண்டை வெளியே அனுப்பும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஓங்கி அழுத்திப் பாருங்கள், அதே சங்கதிதான்.

பிசிபி என்ற இன்னொரு வகையில் சுமார் 200 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு) அழுத்தக் காற்றை முன்பே நிரப்பி வைக்க வேண்டும். அதிர்வு குறைவு, குறி சுலபம், மறுக்கவில்லை. ஆனால் பம்போ சிலிண்டரோ கூடவே அலையும். காற்றை அடைத்து வைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் என்றாவது கசியும். ஸ்பிரிங் வகையில் முக்கியமாகத் தேய்வது ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் (பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைப்பது), இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தினாற்போல் வைக்கப் பழக வேண்டும், அதற்குச் சில மாதம் பிடிக்கலாம்.

குண்டு போடாமல் சுட்டால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் வகையில் அப்போது காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேரே போய் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும்.